பிரஷரும் ரேஷன் உப்பும்

தமிழ்நாட்டில் 18 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவருக்கு பிரஷர், அதாவது உயர் ரத்த அழுத்தம், இருக்கிறது. 2020இல் மாநில அரசு நடத்திய ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில் வந்த எண் 33.9 சதவீதம். அதே கணக்கெடுப்பில் இதைவிட உறுத்தலான எண் ஒன்றும் இருந்தது: பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை விட்டவர்கள். 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த நிலையை அசைத்துப் பார்த்தது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் அளவு பார்த்து, மாதாந்திர மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 2023-24இல் எடுத்த அடுத்த கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருப்பவர்கள் 17 சதவீதமாக உயர்ந்தார்கள். எந்த அரசும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளக்கூடிய முன்னேற்றம் இது. இன்னும் 83 சதவீதம் பேர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் இந்த வெற்றி முழுக்க, நோய் வந்துவிட்டவர்களைப் பற்றியது. வராமல் தடுப்பது எப்படி என்ற பேச்சு வந்தால் அரசும் மருத்துவர்களும் பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்களும் ஒரே குரலில் சொல்வது, ‘நீங்கள் திருந்துங்கள்’ என்பதுதான். உப்பைக் குறையுங்கள், நடங்கள், எடையைக் குறையுங்கள், டென்ஷன் ஆகாதீர்கள். வெளிநோயாளிப் பிரிவின் நெரிசலில் ஒரு மருத்துவருக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் இதற்கு மேல் சொல்லவும் முடியாது. பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் இந்த அறிவுரை நம்மை மூன்றில் ஒருவர் என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. தடுப்புப் பொறுப்பின் பெரும்பகுதியைத் தனி மனிதரின் மன உறுதி மீதிருந்து இறக்கி, உப்பு விற்கும் இடத்தின் மீது ஏற்ற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை முன்வைக்கும் வாதம்.

அறிவுரைகள் தவறானவை அல்ல. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (சிஸ்டாலிக்) ஏறக்குறைய ஒரு புள்ளி குறையும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பவர்களுக்கு அது இன்னும் சில புள்ளிகள் இறங்கும். மது நேரடியாகவே அழுத்தத்தை ஏற்றுகிறது. ‘கொஞ்சமாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது’ என்ற பழைய ஆறுதலை இன்றைய ஆய்வுகள் ஏற்கவில்லை. பீடி சிகரெட்டைப் பொறுத்தவரை, அவை நிரந்தரமாக அழுத்தத்தை உயர்த்துவதைவிட, உயர்ந்த அழுத்தம் ரத்தக் குழாய்களுக்குச் செய்யும் கேட்டைப் பெருக்குகின்றன. பழம், காய்கறி, கொழுப்பு நீக்கிய பால் பொருட்கள் நிறைந்த ‘டேஷ்’ உணவுமுறை, பிரஷர் உள்ளவர்களின் மேல் அளவைச் சில வாரங்களிலேயே 11 புள்ளி வரை குறைத்ததாக 1997இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. டென்ஷன் மட்டும் சற்றுத் தள்ளி நிற்கிறது. கோபமோ பயமோ வந்தால் அந்த நேரத்துக்கு அழுத்தம் ஏறுவது உண்மை. ஆனால் அதுவே ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோயாக மாறுகிறது என்பதற்கான சான்று, உப்புக்கும் எடைக்கும் மதுவுக்கும் இருப்பது போல வலுவானதல்ல. நம் ஊரில் வரிசை தலைகீழாக இருக்கிறது. பிரஷர் வந்தவரிடம் ‘வீட்டில் ஏதாவது பிரச்சினையா?’ என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். ஊறுகாய் ஜாடியைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

சிக்கல் எங்கே என்றால், இந்த அறிவுரைகளைப் பின்பற்றுவதற்கு நேரமும் காசும் இடமும் வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து சமைக்கும் பெண்ணிடம் ‘தினமும் அரை மணி நேரம் நடங்கள்’ என்பதற்கு என்ன அர்த்தம்? தினமும் ஆப்பிள், ஆரஞ்சு வாங்கச் சொன்னால் அவர் மாதச் சம்பளத்தில் எதை வெட்டுவார்? 2023இல் மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது அரசு, நல்ல திட்டம்தான். ஆனால் காலை ஆறு மணிக்கு அங்கே போய் நடக்க முடிகிறவர்கள், பெரும்பாலும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவர்கள். அறிவுரையின் பலன் வசதி உள்ளவர்களை முதலில் சென்றடைகிறது. நோயின் சுமை வசதி இல்லாதவர்களை முதலில் அழுத்துகிறது. ஆரோக்கியப் பிரச்சாரங்களின் பழைய குறை இது. உப்பு மட்டும் இதிலிருந்து வேறுபடுகிறது. ஏழை, பணக்காரர், நகரம், கிராமம் என்ற பேதமில்லாமல் எல்லோர் வீட்டுக்கும் அது போகிறது. எல்லோர் வீட்டுக்கும் போகிற ஒன்றை மாற்றினால் எல்லோருக்குமே மாறும்.

உப்பு உடலுக்குள் செய்வது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோடியம் உள்ளே வந்ததும் அதைக் கரைத்து வைக்க உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாய்களுக்குள் ஓடும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. அதிகப்படி சோடியத்தை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அழுத்தம் சற்றுக் கூடினால்தான் அந்த வேலை வேகமாக நடக்கும். இளமையில் இந்த ஏற்பாடு சத்தமில்லாமல் ஓடுகிறது. நாள்தோறும் தேவைக்கு மேல் உப்பு வந்துகொண்டே இருந்தால், அதைச் சமாளிக்க ஏறிய அழுத்தமே உடலின் வழக்கமான அழுத்தமாகிவிடுகிறது. குழாய்ச் சுவர்களும் அதற்கேற்ப தடித்து விறைத்துப்போகின்றன. பொட்டாசியம் இதற்கு நேரெதிராக வேலை செய்கிறது. சோடியத்தை வெளியே தள்ளச் சிறுநீரகத்துக்கு உதவுகிறது, குழாய்களைத் தளர்த்துகிறது. கீரை, பருப்பு, வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றிலும் அது உண்டு. நம் தட்டில் சோடியம் கூடியும் பொட்டாசியம் குறைந்தும் இருப்பதால் இரண்டு பக்கமும் அடி.

வயது ஏறினால் பிரஷரும் ஏறத்தான் செய்யும், அது இயற்கை என்று நினைப்பவர்களுக்கு 1988இல் வெளியான ‘இன்டர்சால்ட்’ ஆய்வு நல்ல பதில் வைத்திருக்கிறது. 32 நாடுகள், 52 மையங்கள், பத்தாயிரத்துக்கும் அதிகமான ஆட்கள். ஒவ்வொருவரிடமும் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து உப்பின் அளவைக் கணக்கிட்டார்கள். இந்தியாவிலிருந்து டெல்லியும் லடாக்கும் அதில் இருந்தன. பிரேசிலின் அமேசான் காட்டில் வாழும் யானோமாமி பழங்குடியினர் சமையலில் உப்பே சேர்ப்பதில்லை. அவர்களின் சராசரி அழுத்தம் 95/61க்கு அருகில். அங்கே வயது ஏறியபோதும் அழுத்தம் ஏறவில்லை. நம் காலத்திலேயே மனித உடல் இப்படியும் வயதாகிறது. இந்த ஆய்வின் மீது ஒரு நியாயமான விமர்சனம் உண்டு: உப்பு மிகக் குறைந்த நான்கு மையங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், மையங்களின் சராசரி அழுத்தத்துக்கும் உப்புக்கும் இருந்த தொடர்பு மங்கிவிடுகிறது. ஆனால் அந்த நான்கை நீக்கிய பிறகும், உப்பு அதிகமுள்ள இடங்களில் வயதுக்கேற்ப அழுத்தம் வேகமாக ஏறுவது மறையவில்லை. நமக்குக் கவலை தர வேண்டியது இந்த இரண்டாவது செய்தி. முப்பது வயதில் 120 என்று இருப்பவர் அறுபதில் 160க்குப் போய்ச் சேரும் பாதையில் உப்பு இருக்கிறது.

பிரிட்டிஷ் நோய்ப்பரவியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய ஒரு கட்டுரை, தடுப்பு மருத்துவத்தில் இன்றும் அடிக்கல்லாக நிற்கிறது. பக்கவாதமும் மாரடைப்பும் பெருமளவில் எங்கிருந்து வருகின்றன என்று அவர் கேட்டார். 180, 200 என்று எகிறியவர்களுக்கு ஆபத்து மிக அதிகம்தான்; ஆனால் அவர்கள் எண்ணிக்கையில் குறைவு. 130க்கும் 150க்கும் நடுவே, தங்களுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு நடமாடும் பெருங்கூட்டத்திலிருந்துதான் மொத்தச் சாவுகளில் பெரும்பங்கு வருகிறது. அப்படியானால் ஒரு சமூகத்தின் சராசரியே இரண்டு மூன்று புள்ளி இறங்கினால் போதும், எந்தத் தனி மனிதரும் அதை உணராமலே ஆயிரக்கணக்கான உயிர்கள் பிழைக்கும். 2021இல் ‘லான்செட்’ இதழில் வந்த தொகுப்பாய்வு 48 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது: மேல் அளவு ஐந்து புள்ளி குறைந்தால் பெரிய இதய, மூளை நிகழ்வுகள் சுமார் பத்து சதவீதம் குறைகின்றன, ஏற்கெனவே இயல்பான அளவில் இருந்தவர்களுக்கும் பலன் உண்டு. ரோஸ் சொன்னதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து நன்மை தரும் ஏற்பாடு, தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் தருவது சொற்பம். அதனால்தான் தனி மனிதரிடம் அதைக் கெஞ்சிக் கேட்டு வாங்க முடிவதில்லை; அவருக்கு அதில் கண்ணுக்குத் தெரிகிற லாபம் இல்லை.

இதை உணர்ந்த நாடுகள் கெஞ்சுவதை நிறுத்தின. பக்கவாதத்துக்குப் பேர்போன ஜப்பானின் அகிடா மாகாணத்தில், நீண்ட பனிக்காலத்துக்காக உப்பில் ஊறவைத்த காய்கறியும் மிசோ என்ற சோயா விழுதும் ஒருகாலத்தில் அன்றாட உணவு. ஒருவர் நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேல் உப்பு சாப்பிட்ட காலம் அது. அரசின் பிரச்சாரம், ஊர் ஊராக அழுத்தம் பார்த்த சுகாதாரப் பணியாளர்கள், உப்பின் தேவையைக் குறைத்த குளிர்சாதனப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து அந்த அளவையும் பக்கவாதச் சாவுகளையும் பெருமளவு இறக்கின. ஃபின்லாந்தில் 1972இல் மருத்துவர் பெக்கா புஸ்காவின் தலைமையில் வட கரேலியாவில் தொடங்கிய முயற்சி நாடு முழுக்கப் பரவியது. 1993இல் உப்பு மிகுந்த உணவின் உறையில் அதை அச்சிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. பிரிட்டன் இன்னும் தந்திரமாகச் செய்தது. 2003 முதல் ரொட்டி, சூப், சீஸ் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு இலக்கு வைத்து, ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைக்க வைத்தது. 9.5 கிராமாக இருந்த சராசரி 2011இல் 8.1 ஆனது. வாடிக்கையாளரின் நாக்குக்கு வித்தியாசம் தெரிவதற்குள் ரொட்டி மாறிவிட்டிருந்தது.

இந்த வெற்றிக் கதைகளை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் மக்கள் சாப்பிடும் உப்பில் முக்கால் பங்கு தொழிற்சாலையிலேயே உணவுக்குள் போய்விடுகிறது. சில டஜன் நிறுவனங்களைக் கூப்பிட்டுப் பேசினால் நாடே மாறிவிடும். இந்தியாவில் டெல்லி, ஹரியானா, ஆந்திரா ஆகிய பகுதிகளில் நடந்த ஆய்வு, உண்ணும் உப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் கையால் போடுவது என்று காட்டியது. நம் சாப்பாட்டை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியப்பட எதுவுமில்லை. சாம்பாரில் உப்பு, ரசத்தில் உப்பு, பொரியலில், கூட்டில், மோரில் உப்பு. அதற்கு மேல் அப்பளம், வடகம், மோர் மிளகாய், ஊறுகாய், கருவாடு. விருந்து இலையில் ஓரமாக ஒரு சிட்டிகை உப்பு தனியாகவும் வைக்கிறோம். 2017-18இல் நடந்த தேசிய ஆய்வு, இந்தியர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக எட்டு கிராம் உப்பு சாப்பிடுவதாகக் கணக்கிட்டது, ஆண்கள் 8.9, பெண்கள் 7.1. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்.

இந்த எண்களை வீட்டுக் கணக்காக மாற்றினால் எளிதில் பிடிபடும். நான்கு பேர் உள்ள குடும்பம், தலைக்கு எட்டு கிராம், முப்பது நாள்: 960 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் காலியாகிறது. ஐந்து கிராம் என்றால் அதே பாக்கெட் ஒன்றரை மாதத்துக்கு மேல் வர வேண்டும். மீன் கழுவப் போனது, கொட்டிய குழம்போடு போனது என்று கொஞ்சம் தள்ளுபடி உண்டு. அந்தப் பக்கம் ஓட்டல் பரோட்டாவும் சால்னாவும் பாக்கெட் சிப்ஸும் சேர்த்துக் கணக்கில் வராமல் ஏறியதும் உண்டு. பாக்கெட்டைப் பிரிக்கும் நாளைக் காலண்டரில் குறித்து வைத்தால், எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் போகாமல் ஒரு குடும்பம் தன் உப்பை ஓரளவு அளந்துவிடலாம்.

அளந்த பிறகு குறைக்க முடியுமா? சமைப்பவரின் கை அளவு பல ஆண்டுப் பழக்கத்தில் ஊறியது. அதை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைச் சீனாவில் 48 முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வு காட்டுகிறது. 2023இல் முடிவுகள் வெளியாயின. சில இல்லங்களில் சமையலறைக்குக் கொடுக்கும் உப்பைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சிலவற்றில் வழக்கமான உப்புக்குப் பதிலாக, சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். கட்டுப்பாடான ஒரு நிறுவனத்தின் சமையலறையிலேயே, உப்பைக் குறைக்கும் முயற்சியால் அழுத்தம் இறங்கவில்லை. மாற்று உப்பு மேல் அளவை ஏழு புள்ளி இறக்கியது. அதே நாட்டின் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரிடம், ஐந்தாண்டு நடந்த இன்னொரு ஆய்வு 2021இல் வெளியானது. முக்கால் பங்கு சாதாரண உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த பாக்கெட்டைப் பாதி கிராமங்களில் அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அங்கே பக்கவாதம் 14 சதவீதமும் மொத்த இறப்பு 12 சதவீதமும் குறைந்தன. யாரையும் நடைப்பயிற்சிக்கு அனுப்பவில்லை. ஜாடியில் இருந்த உப்பு மாறியது, அவ்வளவுதான். நமக்குப் பக்கத்திலேயே, தெலங்கானாவின் சித்திபேட்டை கிராமங்களில் பிரஷர் உள்ள 502 பேரிடம் மூன்று மாதம் இதைச் சோதித்தபோது மேல் அளவு 4.6 புள்ளி குறைந்தது. யார் எந்த உப்பைச் சாப்பிட்டார் என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது என்ற கறாரான முறையில் நடந்த ஆய்வு அது.

எதிர்வாதங்களில் கனமானது ‘ப்யூர்’ என்ற பன்னாட்டு ஆய்விலிருந்து வருகிறது. நாளொன்றுக்கு 7.5 முதல் 15 கிராம் வரை உப்பு சாப்பிடுபவர்களுக்கே ஆபத்து மிகக் குறைவு, அதற்குக் கீழே போனால் ஆபத்து கூடுகிறது என்று 2014இல் அது சொன்னது. அதை நம்பினால் நம் எட்டு கிராம் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு ஒரே ஒரு காலைச் சிறுநீரை வைத்துச் சூத்திரத்தால் நாள் முழுவதற்குமான உப்பை ஊகித்தது. நோயால் வாய்க்குப் பிடிக்காமல் குறைவாகச் சாப்பிட்டவர்களும் அந்தக் ‘குறைந்த உப்பு’ கூட்டத்தில் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. பல நாள், 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்த ஆறு நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்து 2022இல் வந்த முடிவு, உப்பு கூடக் கூட இதய நோயும் கூடுகிறது என்று காட்டியது. இந்தச் சண்டையில் யார் ஜெயித்தாலும் இங்கே சொல்லும் மாற்றத்துக்குச் சேதமில்லை என்பதுதான் வேடிக்கை. பொட்டாசியம் கூடினால் ஆபத்து குறைகிறது என்று அதே ப்யூர் ஆய்வும் சொல்கிறது.

‘வெயில் ஊர், வியர்வையில் உப்பு போகிறது, நமக்கு இந்த வரம்பு பொருந்தாது’ என்பது டீக்கடை முதல் கருத்தரங்கு வரை கேட்கும் வாதம். யானோமாமிகள் வாழ்வது பனிமலையில் அல்ல. ஈரம் சொட்டும் வெப்பமண்டலக் காட்டில், வேட்டையாடியும் தோட்டம் போட்டும். வெயிலுக்குப் பழகிய உடல் வியர்வை வழியே போகும் சோடியத்தைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. உச்சி வெயிலில் நாற்று நடுபவருக்கும் செங்கல் சூளையில் நிற்பவருக்கும் சில நாட்களில் கூடுதலாக வேண்டியிருக்கலாம். ஏசி அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்பவர் அந்த விதிவிலக்கைத் தனக்கு எடுத்துக்கொள்வதுதான் பிரச்சினை. இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிலும் கல் உப்பிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், அயோடின் சேர்க்காதது என்றால் கூடுதல் இழப்பு வேறு.

சிறுநீரகம் பற்றிய எதிர்ப்பை இப்படி எளிதாகத் தாண்ட முடியாது, தாண்டவும் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடலிலேயே பிடித்து வைப்பவை. சீனக் கிராமங்களில் நடந்த ஆய்வு, கடுமையான சிறுநீரக நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களையும் அத்தகைய மருந்து எடுப்பவர்களையும் முன்பே விலக்கியிருந்தது. இங்கே தங்களுக்குச் சிறுநீரக நோய் இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம். வெயிலில் உழைக்கும் விவசாயத் தொழிலாளர்களிடம் காரணம் புரியாத சிறுநீரக நோய் இருப்பதைத் தமிழ்நாட்டு மருத்துவர்களே கண்டறிந்திருக்கிறார்கள். சீனாவை வைத்து 2020இல் போட்ட ஒரு மாதிரிக் கணக்கு, நாடு முழுக்க மாற்று உப்பு வந்தால் ஆண்டுக்கு 4,60,000 இதய, மூளை நோய் இறப்புகள் தவிர்க்கப்படலாம், பொட்டாசியம் மிகையால் 11,000 இறப்புகள் கூடலாம் என்றது. நிகர லாபம் பெரிதுதான். ஆனால் அந்த 11,000 பேரை வெறும் கழித்தல் கணக்காக எந்த அரசும் எழுதிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் மாற்று உப்பைப் பரிந்துரைத்தபோதும் நிபந்தனையோடுதான் பரிந்துரைத்தது; கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு அது பொருந்தாது என்றது.

ஆகவே குழந்தைகள் சாப்பிடும் சத்துணவுக் கூடத்தில் மாற்று உப்பைத் தொடங்கக் கூடாது. அங்கே செய்ய வேண்டியது சமையலில் உப்பின் அளவைக் குறைப்பது. தொடங்க வேண்டிய இடம், மக்களைத் தேடி மருத்துவத்தின் பதிவேடு. யாருக்கு பிரஷர், யார் எந்த மாத்திரை எடுக்கிறார் என்ற விவரம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரகப் பரிசோதனை செய்யும் திட்டத்தையும் மாநில அரசு 2023இல் தொடங்கிவிட்டது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு சரியாக இருப்பவர்களின் வீட்டுக்கு முதலில் மாற்று உப்பு. பாக்கெட்டின் முன்பக்கத்தில், பூதக்கண்ணாடி தேவைப்படாத எழுத்தில், ‘சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது’ என்ற தமிழ் வாசகம். கடையில் இப்போதே ‘லைட்’ என்ற பெயரில் கிடைக்கும் உப்பை வாங்குபவர்களும் இந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டும். அவற்றில் சிலவற்றில் சோடியம் 15 சதவீதம்தான் குறைவு. ஆய்வுகளில் பலன் தந்த அளவு 25 சதவீதமும் அதற்கு மேலும்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். பொட்டாசியம் குளோரைடைத் தனியாக நாக்கில் வைத்தால் லேசான கசப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கால் பங்கு கலந்து, புளியும் மிளகாயும் பெருங்காயமும் போட்ட குழம்பில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். ஐந்தாண்டு முடிவில் சீனக் கிராமத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதே உப்பைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ‘எங்கள் வீட்டு உப்பில் அரசு ஏன் கை வைக்கிறது?’ என்பது கொள்கை அளவிலான கேள்வி. 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் அடிபட்டவர்களின் மண்ணில் அந்தக் கேள்விக்குக் கனம் உண்டு. ஆனால் அரசின் கை அங்கே நெடுங்காலமாகவே இருக்கிறது. இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசாமி குழுவினர் செய்த ஆய்வுக்குப் பிறகு, அயோடின் குறைவால் கழுத்தில் வரும் கழலையைத் தடுக்கும் திட்டம் 1962இல் வந்தது. உணவுக்காக அயோடின் இல்லாத உப்பை விற்கக் கூடாது என்று 1998இல் தடை, 2000இல் நீக்கம், 2006இல் மறுபடி தடை. எவ்வளவு சண்டை நடந்தாலும் இன்று கழலைக் கழுத்தோடு நடமாடுபவரைக் காண்பது அரிது. இங்கே கேட்பது அந்த அளவுக்குக்கூட இல்லை. பழைய உப்பைத் தடை செய்ய வேண்டாம். புதியதை ரேஷன் கடையில் அதே விலைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

விலைதான் கடைசி முட்டுக்கட்டை. மாற்று உப்பு சாதாரண உப்பைவிட விலை கூடியது. பொட்டாஷை இந்தியா ஏறக்குறைய முழுவதுமாக இறக்குமதி செய்கிறது. உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கழிநீரிலும் பொட்டாசியம் இருக்கிறது என்பதைத் தூத்துக்குடி உப்பளக்காரர்கள் கவனிக்க வேண்டும். அதைப் பிரித்தெடுக்கும் வழிகளைப் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிய யோசனையும் அல்ல. 1974இல் தொடங்கி, ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்தும் அரசு உப்பு நிறுவனம், 2014இல் ‘அம்மா உப்பு’ என்ற பெயரில் மூன்று வகை உப்பை விற்றது. மூன்றில் ஒன்று சோடியம் குறைத்தது. அதன் விலை அப்போது கிலோ 21 ரூபாய். சாதாரண அயோடின் உப்பு பத்து ரூபாய். பத்து ரூபாய்க்குக் கிடைப்பதன் பக்கத்தில் 21 ரூபாய்க்கு வைத்தால் எது விற்கும் என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

அந்த 11 ரூபாய் வித்தியாசத்தை அரசு ஏற்றால் என்ன ஆகும்? சுமார் 2.2 கோடி குடும்ப அட்டைகள், மாதம் ஒரு கிலோ என்று முரட்டுத்தனமாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 290 கோடி ரூபாய். இன்றைய விலையில் இரண்டு மடங்கு ஆகும் என்றே வைத்துக்கொள்வோம், 600 கோடி. பிரஷரை ஏற்றும் மதுவை அரசே தன் கடைகளில் விற்று 2023-24இல் ஈட்டியது 45,855 கோடி. உப்பு நிறுவனம் தொழில் துறையின் கீழ், ரேஷன் கடை உணவு, கூட்டுறவுத் துறைகளின் கீழ், நோயாளிப் பதிவேடு மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் இருக்கின்றன. சட்டமன்றத்தில் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. இந்தத் துறைகளின் செயலாளர்கள் ஒரே கோப்பில் கையெழுத்திட வேண்டும், முதலில் ஏதாவது ஒரு மாவட்டத்துக்கு.